பண்புகள் பிள்ளைகளுக்குச் செல்லும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபுவழிப் பண்புகளைப் பற்றி எழும் ஐயங்களில் பெரும்பாலானவை ஒரே தவறான எண்ணத்தில் வேர்கொண்டவை. தாயின் தன்மையும் தந்தையின் தன்மையும் ஒன்றாகக் கலந்து பிள்ளையாகின்றன என்பதே அந்த எண்ணம். கீழே உள்ள விடைகள் அந்த எண்ணத்தைப் பல பக்கங்களிலிருந்து சோதிக்கின்றன.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு உண்மையில் செல்வது என்ன?

மூக்கின் வடிவமோ, குரலோ, உயரமோ அப்படியே செல்வதில்லை. அவற்றை உருவாக்குவதற்கான குறிப்புகளைக் கொண்ட டி.என்.ஏ. மட்டுமே செல்கிறது. மனித உடல் செல் ஒவ்வொன்றிலும் இந்த டி.என்.ஏ.-வைச் சுமக்கும் இழைகளான 46 குரோமோசோம்கள் 23 இணைகளாக உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது. இந்த எண்ணிக்கையே 1956-இல்தான் உறுதியாயிற்று. அதற்கு முன் பல ஆண்டுகளாக 48 என்றே நம்பிவந்தார்கள். இக்குரோமோசோம்களின்மீது, புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ இருபதாயிரம் அமைந்துள்ளன. ஒரு மரபணு, எந்தப் புரதம் எந்த வடிவில் உருவாக வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. அந்தப் புரதங்கள் உடலுக்குள்ளும் சூழலுக்குள்ளும் செயல்பட்டதன் விளைவாகக் கண்ணுக்குத் தெரிவதையே நாம் பண்பு என்கிறோம். மரபணுவுக்கும் பண்புக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் விடைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

அல்லீல் என்பது என்ன?

ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களே அல்லீல்கள். குரோமோசோம்கள் இணையாக இருப்பதால் ஒவ்வொருவரிடமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் இருக்கும். அவை ஒரே வகையாகவும் இருக்கலாம், வேறுபட்டும் இருக்கலாம். மக்கள் தொகை முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஒரு மரபணுவுக்கு நூற்றுக்கணக்கான அல்லீல்கள்கூட இருக்கக்கூடும். ஆனால் ஒருவரிடம் பொதுவாக இரண்டுக்கு மேல் இருப்பதில்லை.

இரு பெற்றோரின் பண்புகளும் கலந்துவிடுவதில்லை என்பது எப்படித் தெரிந்தது?

கலப்புக் கோட்பாட்டில் உள்ள பெரிய சிக்கலைச் சற்று யோசித்தாலே கண்டுகொள்ளலாம். தலைமுறைதோறும் பண்புகள் கலந்து நடுத்தரத்தை நோக்கிச் சென்றுகொண்டே இருந்தால், சில தலைமுறைகளிலேயே எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட வேண்டும். உலகில் அப்படி நிகழவில்லை. எனினும், கலப்பு நிகழவில்லை என்பதை எண்ணிக் காட்டியவர் கிரிகர் மெண்டல். இன்றைய செக் குடியரசில் உள்ள புருனோ நகர மடாலயத்தில் துறவியாக இருந்த அவர், 1856 முதல் 1863 வரை ஆயிரக்கணக்கான பட்டாணிச் செடிகளை வளர்த்து, ஏழு பண்புகளைப் பின்தொடர்ந்தார்.

உருண்டை விதை தரும் தூய வகையையும் சுருங்கிய விதை தரும் தூய வகையையும் அவர் கலப்பினம் செய்தபோது, முதல் தலைமுறை விதைகள் அனைத்தும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் மறைந்துவிட்டது என்றே எவரும் நினைத்திருப்பார்கள். அந்த விதைகளை முளைக்கவைத்து, வளர்ந்த செடிகளில் தன்மகரந்தச் சேர்க்கை நிகழவிட்டபோது கிடைத்தவை 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் ஆகும். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. விதையின் நிறத்திலும் அதே விகிதம் வந்தது: மஞ்சள் 6,022, பச்சை 2,001. இங்கே கவனிக்க வேண்டியது விகிதத்தை மட்டுமன்று. இரண்டாம் தலைமுறையில் வெளிப்பட்ட சுருங்கிய விதைகள் பாதி சுருங்கியவையாக இல்லாமல், தங்கள் பாட்டன் தலைமுறையைப் போலவே முழுமையாகச் சுருங்கியிருந்தன. ஒரு தலைமுறை முழுவதும் உருண்டை விதைகளுக்குள் மறைந்திருந்தும் அந்தப் பண்பின் காரணி சிறிதும் நீர்த்துப்போகவில்லை.

இதிலிருந்து மெண்டல் எட்டிய முடிவு எளிமையானது. ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு காரணிகள் உள்ளன. பாலணுக்கள் (முட்டை, விந்தணு போன்ற இனப்பெருக்கச் செல்கள்) உருவாகும்போது அந்தக் காரணிகள் பிரிந்து, ஒரு பாலணுவுக்கு ஒன்றாகச் செல்கின்றன. கருவுறுதலில் மீண்டும் இரண்டாகின்றன. 1865-இல் அவர் இதை உரையாக வழங்கினார், 1866-இல் கட்டுரையாக வெளியிட்டார். அதன் முக்கியத்துவம் 1900-இல்தான் உணரப்பட்டது. அப்போது மெண்டல் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஓங்கு பண்பு என்றால் வலிமையானது, அதிகம் பேரிடம் இருப்பது என்று பொருளா?

இரண்டும் இல்லை. ஒரே ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும் பண்பை ஓங்கு பண்பு என்கிறோம். இரண்டு பிரதிகளும் ஒரே வகையாக இருந்தால் மட்டும் வெளிப்படுவதை ஒடுங்கு பண்பு என்கிறோம். ஆறு விரல்களோடு பிறத்தல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகச் செல்கிறது. ஆனாலும் உலகில் பெரும்பாலோருக்கு ஐந்து விரல்கள்தான். மறுபுறம், ஓ இரத்த வகை ஒடுங்கு பண்பு. ஆனாலும் உலகின் பல பகுதிகளில் அதிகமாகக் காணப்படும் வகை அதுவே. ஓர் அல்லீல் ஓங்குதன்மை உடையதாக இருப்பதால் மட்டும் அது தலைமுறைதோறும் பெருகிவிடாது.

ஓங்குதன்மை ஏன் ஏற்படுகிறது என்பதை மெண்டலின் பட்டாணியே விளக்குகிறது. உருண்டை விதையின் அல்லீல், மாவுச்சத்தில் கிளைகளை உருவாக்கும் ஒரு நொதியைத் தருகிறது. சுருங்கிய விதையின் அல்லீலில் ஒரு டி.என்.ஏ. துண்டு இடையில் புகுந்திருப்பதால் அந்த நொதி சரியாக உருவாவதில்லை. மாவுச்சத்து குறைந்து சர்க்கரை மிகுவதால் இளம் விதை அதிக நீரை உறிஞ்சி வீங்குகிறது. முற்றிக் காயும்போது அந்த நீரை இழந்து சுருங்குகிறது. ஒரு நல்ல பிரதி இருந்தாலே உருண்டை வடிவத்துக்குப் போதுமான நொதி கிடைத்துவிடுகிறது. ஓர் அல்லீல் மற்றொன்றை அடக்குவதில்லை. ஒன்று வேலை செய்கிறது, மற்றொன்று செய்வதில்லை, அவ்வளவே. அதே கலப்பின விதையின் மாவுச்சத்து மணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை இரு வகைகளுக்கும் இடைப்பட்ட தோற்றத்தில் இருக்கும். ஆகவே ஓங்குதன்மை என்பது அல்லீலின் பிறவிக் குணம் என்பதைவிட, நாம் எந்த மட்டத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றே சொல்ல வேண்டும். பாடப்புத்தகங்கள் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்லலாம்.

ஆனால் சில பூக்களில் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து இளஞ்சிவப்பு வருகிறதே?

அந்திமந்தாரையில் அப்படி நிகழ்கிறது. அங்கே ஒரு பிரதி தரும் நிறமி முழுச் சிவப்புக்குப் போதாததால் முதல் தலைமுறை இளஞ்சிவப்பாகிறது. இதை முழுமையற்ற ஓங்குதன்மை என்பார்கள். நிறம்தான் இடைப்பட்டதே தவிர அல்லீல்கள் கலக்கவில்லை. அந்த இளஞ்சிவப்புச் செடிகளின் அடுத்த தலைமுறையில் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை ஆகியவை 1:2:1 என்ற விகிதத்தில் வருவதே அதற்குச் சான்று.

பெற்றோருக்கு ஏ, பி வகை இரத்தம் இருக்கையில் பிள்ளைக்கு ஓ வகை இருக்க முடியுமா?

முடியும். இரத்த வகையை நிர்ணயிக்கும் மரபணு ஒன்பதாவது குரோமோசோமில் உள்ளது. அதற்கு ஏ, பி, ஓ என மூன்று முக்கிய அல்லீல்கள் உண்டு. ஏ, பி இரண்டும் ஓ-வின்மீது ஓங்குதன்மை உடையவை. ஏ-யும் பி-யும் சேர்ந்தால் இரண்டுமே வெளிப்பட்டு ஏபி வகை உண்டாகும். ஏ வகைத் தந்தையிடம் ஓர் ஏ, ஓர் ஓ இருக்கலாம். பி வகைத் தாயிடமும் ஓர் ஓ மறைந்திருக்கலாம். அப்படியானால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஏ, பி, ஏபி, ஓ என்ற நான்கு வகைகளில் எதுவும் வரலாம்.

இருவருக்கும் ஓ வகை என்றால் பிள்ளைக்கும் ஓ வகைதான் என்பது பொது விதி. ஆனால் 1952-இல் பம்பாயில் விவரிக்கப்பட்ட ஓர் அரிய இரத்த வகை இந்த விதிக்கு விலக்காகிறது. ஏ, பி பொருள்கள் உருவாவதற்கு எச் என்ற அடிப்படைப் பொருள் வேண்டும். அதற்கான மரபணுவின் இரு பிரதிகளும் செயலற்றிருந்தால், ஒருவரிடம் ஏ அல்லது பி அல்லீல் இருந்தும் வழக்கமான சோதனையில் ஓ வகை போலவே தோன்றும். அவர் அந்த அல்லீலைத் தம் பிள்ளைக்கு வழங்கலாம். எனவே இரத்த வகை பொருந்தவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தந்தை யார் என்று ஐயுறுவது அறிவியல் முறையும் அன்று, நியாயமும் அன்று. அதற்கு டி.என்.ஏ. சோதனை உள்ளது.

நான்கில் ஒரு வாய்ப்பு என்கிறார்கள். நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு நோய் வரும் என்று பொருளா?

மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் செய்தி இதுதான். தாய், தந்தை இருவரும் தலசீமியா என்னும் இரத்தக் குறைபாடு போன்ற ஓர் ஒடுங்கு நோயின் அல்லீலை ஒவ்வொரு பிரதியாகக் கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இவர்களைக் கடத்திகள் என்பர். இவர்களுக்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இராது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு, கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு, அந்த அல்லீலே இல்லாதிருக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு.

நாணயத்தைச் சுண்டும்போது முந்தைய தடவை தலை விழுந்ததா பூ விழுந்ததா என்பது அடுத்த தடவையைப் பாதிக்காததுபோல, மூத்த பிள்ளைக்கு நோய் இருப்பது அடுத்த பிள்ளையைக் காப்பாற்றாது. முதல் மூவரும் நலமாக இருப்பது நான்காவது பிள்ளைக்கு அபாயத்தைக் கூட்டவும் செய்யாது. நான்கு பிள்ளைகள் உள்ள இத்தகைய குடும்பங்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டில் ஒருவருக்குமே நோய் இராது. சில குடும்பங்களில் இருவருக்கோ மூவருக்கோ இருக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. நோயுள்ள ஒருவரின் நலமான அண்ணனோ தங்கையோ கடத்தியாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால் பலரும் பாதி என்பார்கள். நோயில்லை என்பது தெரிந்துவிட்டதால் மீதமுள்ள மூன்று நிலைகளில் இரண்டு கடத்தி நிலைகள். ஆகவே விடை மூன்றில் இரண்டு.

ஒரே பெற்றோரின் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள்?

பாலணு உருவாகும் குன்றல் பகுப்பில், 23 இணைகளில் ஒவ்வொன்றிலிருந்தும் எந்தக் குரோமோசோம் செல்லும் என்பது தனித்தனியே தற்செயலாக அமைகிறது. இதனால் மட்டுமே ஒருவர் 83,88,608 வகையான பாலணுக்களை உருவாக்க முடியும். தாய், தந்தை இருவரின் வகைகளையும் பெருக்கினால் ஏறத்தாழ 70 இலட்சம் கோடி சேர்க்கைகள் கிடைக்கின்றன. அதற்கும் மேலாக, பிரிவதற்கு முன் இணைக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இதற்குக் குறுக்கேற்றம் என்று பெயர். இதைச் சேர்த்தால் எண்ணிக்கைக்கு நடைமுறையில் எல்லையே இல்லை.

இதன் விளைவாக உடன்பிறந்தோர் பகிர்ந்துகொள்ளும் டி.என்.ஏ. சராசரியாக 50 விழுக்காடு என்றாலும், அது ஒரு சராசரியே. சில உடன்பிறப்புகளிடம் 40-ஐ ஒட்டியும் வேறு சிலரிடம் 60-ஐ ஒட்டியும் இருக்கும். பாட்டன் பாட்டிகளிடமிருந்து வரும் பங்கும் அப்படித்தான். நால்வரிடமிருந்தும் சரியாகக் கால் பங்கு வருவது அரிது. ஒருமுட்டை இரட்டையர் மட்டுமே விலக்கு, ஏனெனில் அவர்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள்.

இரண்டு பண்புகள் எப்போதும் சேர்ந்தே செல்லுமா?

வெவ்வேறு குரோமோசோம்களில் உள்ள மரபணுக்கள் ஒன்றையொன்று சாராமல் செல்கின்றன. விதையின் வடிவத்தையும் நிறத்தையும் ஒருசேரப் பார்த்தபோது மெண்டலுக்குக் கிடைத்த 556 விதைகள் 315, 108, 101, 32 எனப் பிரிந்தன. இது 9:3:3:1 என்ற விகிதத்துக்கு மிக நெருக்கமானது. ஒரே குரோமோசோமில் அருகருகே உள்ளவை மட்டும் பெரும்பாலும் சேர்ந்து செல்லும். தாமஸ் ஹண்ட் மார்கனின் குழுவினர் பழ ஈக்களில் இதைக் கண்டறிந்தார்கள். இரண்டு மரபணுக்கள் எவ்வளவு அடிக்கடி பிரிகின்றன என்பதைக்கொண்டு அவற்றுக்கிடையேயான தூரத்தைக் கணக்கிடலாம் என்பதை உணர்ந்த அவருடைய மாணவர் ஸ்டர்டெவன்ட், 1913-இல் முதல் மரபணு வரைபடத்தை வெளியிட்டார். மெண்டலின் ஏழு பண்புகளும் பட்டாணியின் ஏழு குரோமோசோம்களில் தனித்தனியே இருந்தன என்று சில இடங்களில் எழுதப்படுவது சரியன்று. அவற்றில் சில ஒரே குரோமோசோமிலேயே இருக்கின்றன.

பிள்ளை ஆணா பெண்ணா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோமே உள்ளது. தந்தையின் விந்தணுக்களில் ஏறத்தாழ பாதி எக்ஸ், பாதி ஒய். எது முட்டையை அடைகிறதோ அதைப் பொறுத்தே பால் அமைகிறது. ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்னும் ஒரு மரபணு, கருவில் விந்தகம் உருவாவதைத் தொடங்கிவைக்கிறது என்பது 1990-இல் கண்டறியப்பட்டது. பெண் பிள்ளை பிறந்ததற்குத் தாயைக் குறைசொல்வதற்கு உயிரியலில் எந்த இடமும் இல்லை. தந்தையைக் குறைசொல்லவும் முடியாது, ஏனெனில் எந்த விந்தணு செல்லும் என்பது அவர் கையில் இல்லை.

நிறக்குருடு ஏன் ஆண்களிடமே அதிகம்?

சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறியும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. பெண்ணிடம் இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்றில் குறை இருந்தாலும் மற்றொன்று ஈடுசெய்கிறது. ஆணிடம் ஒன்றே இருப்பதால் அதில் உள்ள குறை நேரடியாக வெளிப்படுகிறது. வட ஐரோப்பிய வழிவந்தோரில் ஆண்களில் ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்கும் பெண்களில் அரை விழுக்காட்டினருக்கும் இக்குறை உண்டு. தந்தை தம் எக்ஸ் குரோமோசோமை மகனுக்குத் தருவதே இல்லை. ஆகவே இக்குறை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாமல், மகள் வழியாகப் பேரனிடம் வெளிப்படும். இரத்தம் உறையாமை நோயான ஹீமோபிலியாவும் இதே பாதையில்தான் செல்கிறது.

தாயிடமிருந்து மட்டும் வரும் மரபுப்பொருள் ஏதும் உண்டா?

உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவுக்குள் 37 மரபணுக்களைக் கொண்ட சிறிய டி.என்.ஏ. வளையம் இருக்கிறது. அது மனிதரில் தாய் வழியாகவே வருகிறது. மகன்களுக்கும் அது கிடைக்கும், ஆனால் அவர்களால் அதைக் கடத்த முடியாது.

உயரம், தோல் நிறம் போன்றவை மெண்டலின் விகிதங்களில் ஏன் அடங்குவதில்லை?

அவற்றை ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை. உயரத்தோடு தொடர்புடைய ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் மரபு வேறுபாடுகள் 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் அடையாளம் காணப்பட்டன. ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவே கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. அத்தனையும் மெண்டலின் விதிப்படிதான் செல்கின்றன. அவற்றின் கூட்டு விளைவுதான் கலப்புபோலத் தோற்றமளிக்கிறது.

உயரத்தின் மரபுத்திறன் ஏறக்குறைய 80 விழுக்காடு என்பதைப் படித்துவிட்டு, ஒருவரின் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கு மரபணு தந்தது என்று கொள்வது தவறு. ஒரு குறிப்பிட்ட மக்கள் தொகைக்குள் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு மரபு வேறுபாட்டால் வருகிறது என்பதையே அந்த எண் சொல்கிறது. நெதர்லாந்தில் ஆண்களின் சராசரி உயரம் ஒன்றரை நூற்றாண்டில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கூடியது. அந்தக் குறுகிய காலத்தில் அவ்வளவு மாற்றத்தை மரபணுக்களால் விளக்க முடியாது. உணவும் நோய்க் குறைவும் பெரும் பங்காற்றின. மரபுத்திறன் மிகுந்த ஒரு பண்பும் சூழலால் பெரிதும் மாறக்கூடும்.

வாழ்நாளில் நாம் ஈட்டிய திறமையும் உடல்வலிமையும் பிள்ளைகளுக்குச் செல்லுமா?

செல்லாது. பாலணுக்களை உருவாக்கும் செல்கள் மற்ற உடல் செல்களிலிருந்து தனித்து நிற்பவை. உடற்பயிற்சியால் பெருத்த தசை, பாலணுவில் உள்ள டி.என்.ஏ.-வுக்குச் செய்தி அனுப்புவதில்லை. ஜெர்மன் உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மன் 1880களில் எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்தும், பிறந்த குட்டிகளின் வால் குறையவில்லை.

அண்மைக் காலத்தில் எபிஜெனிடிக்ஸ் என்ற பெயரில் இதற்கு மாறான கருத்துகள் பரவுகின்றன. டி.என்.ஏ.-வின் எழுத்து வரிசை மாறாமல் அதன்மேல் ஏறும் வேதிக் குறிகள் மரபணுவின் செயலைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்பது உண்மை. 1944–45-இல் நெதர்லாந்தில் நிலவிய கடும் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களிடம் அத்தகைய வேறுபாடுகள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் காணப்பட்டன. ஆனால் அந்தப் பஞ்சத்தை அவர்களே கருவில் நேரடியாக அனுபவித்தார்கள். பாலூட்டிகளில் இந்தக் குறிகளில் பெரும்பாலானவை பாலணு உருவாகும்போதும் கருவின் தொடக்க நாள்களிலும் அழிக்கப்பட்டுவிடுகின்றன. தாத்தாவின் கவலை பேரனின் மரபணுவில் பதிந்துவிடும் என்பது போன்ற கூற்றுகளை ஐயத்தோடு அணுகுவதே சரி.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாத மரபு நோய் பிள்ளைக்கு எப்படி வருகிறது?

பெற்றோர் இருவரும் அறியாமலே கடத்திகளாக இருந்திருக்கலாம். அல்லது திடீர்மாற்றம் புதிதாக நிகழ்ந்திருக்கலாம். ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத 60 முதல் 70 புதிய மாற்றங்களோடு பிறக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்த விளைவும் இல்லாதவை. விந்தணுக்களை உருவாக்கும் செல்கள் வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டே இருப்பதால், தந்தையின் வயது ஏற ஏற இந்த எண்ணிக்கை கூடுகிறது. அகான்ட்ரோபிளேசியா என்னும் குட்டை உருவ நிலை ஓங்கு பண்பு என்றாலும், அதனோடு பிறப்பவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரின் பெற்றோர் இயல்பான உயரம் உடையவர்களே.

டவுன் நோய்க்குறி வேறு வகை. அதில் 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கிறது. பாலணு உருவாகும்போது இணை சரியாகப் பிரியாததே பெரும்பாலும் காரணம். தாயின் வயது கூடும்போது வாய்ப்பு மிகுகிறது. மிகச் சில குடும்பங்களில் மட்டுமே அது மரபுவழி வருகிறது.

நெருங்கிய உறவினர் மணம் செய்தால் என்ன ஆகும்?

ஒவ்வொருவரிடமும் தீங்கான சில ஒடுங்கு அல்லீல்கள் மறைந்திருக்கின்றன. உறவில்லாத இருவரிடம் அதே அல்லீல் இருப்பது அரிது. உடன்பிறந்தோரின் பிள்ளைகள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு டி.என்.ஏ.-வைப் பகிர்வதால், அவர்கள் மணந்தால் பிறக்கும் பிள்ளையிடம் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. கடுமையான பிறவிக் குறைபாடுகளின் பொதுவான அபாயம் 2 முதல் 3 விழுக்காடு. இத்தகைய மணங்களில் அது ஏறத்தாழ இருமடங்காகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும், அபாயம் மெய்யானது என்பதும் ஒருசேர உண்மை. உறவுமணம் தலைமுறைதோறும் தொடர்ந்தால் அபாயம் மேலும் கூடும். மணத்துக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது பயனுள்ளது.

தீங்கான அல்லீல்கள் ஏன் காலப்போக்கில் ஒழிந்துபோகவில்லை?

சில நேரங்களில் அவற்றால் நன்மையும் உண்டு. அரிவாள் செல் சோகை, ஹீமோகுளோபின் புரதத்தின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டிய குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் அமர்வதால் வருகிறது. இரண்டு பிரதிகள் இருந்தால் கடும் நோய். ஒரு பிரதி மட்டும் இருப்பவருக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து குறிப்பிடத்தக்க பாதுகாப்பு. மலேரியா பரவலாக இருந்த நிலப்பகுதிகளில் அந்த அல்லீல் நிலைத்துவிட்டதற்கு இதுவே காரணம்.

எந்த நன்மையும் தராத அல்லீல்கள்கூட எளிதில் மறைவதில்லை. காரணத்தை 1908-இல் கணிதவியலர் ஹார்டியும் மருத்துவர் வைன்பெர்கும் தனித்தனியே வகுத்த கணக்கிலிருந்து பெறலாம். ஒரு மரபணுவின் பிரதிகளில் நூற்றுக்கு ஒன்று குறையுடையது என்று கொண்டால், இரண்டும் குறையுடையவராகப் பிறப்பவர் பத்தாயிரத்தில் ஒருவர். ஒன்று மட்டும் உடைய கடத்திகள் பத்தாயிரத்தில் 198 பேர். இயற்கைத் தேர்வு அந்த ஒருவரை மட்டுமே பாதிக்கிறது. நோயுள்ளவர்கள் பிள்ளை பெறுவதைத் தடுத்து ஒரு நோயை ஒழித்துவிடலாம் என்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல நாடுகளில் சட்டம் இயற்றியவர்கள், அறத்தை மீறியதோடு இந்தக் கணக்கையும் கவனிக்கவில்லை. அவர்கள் தேடிய அல்லீல்களில் மிகப் பெரும்பாலானவை, எந்த அறிகுறியும் இல்லாத மற்ற 198 பேரிடம் இருந்தன.